கூடுதல் வேகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஓவர்கிளாக் செயலியும் தாய்ப்பலகையும்: ஒரு மதிப்பாய்வு

நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஒரு செயலியை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். எந்தச் செயலியை எந்தத் தாய்ப்பலகையோடு சேர்த்து வாங்கினால் கொடுத்த பணத்துக்கு அதிக வேகம் கிடைக்கும்? முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. விடையோ தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. ஒரு காலத்தின் உறுதியான அறிவுரை அடுத்த காலத்தில் வீண் செலவுக்கு வழிகாட்டியது.

பினாங்கில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. டாக்டர் லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972-இல், பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது. ஐந்து ஏக்கர் நிலத்தில் தொடங்கிய பொருத்தல் ஆலை அது. ஏஎம்டி நிறுவனமும் அதே காலகட்டத்தில் பினாங்குக்கு வந்தது. உலகெங்கும் ஓவர்கிளாக் ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கிய பல செயலிகளின் மேல் ‘மலாய்’ என்றோ ‘மலேசியாவில் பொருத்தப்பட்டது’ என்றோ பொறித்திருந்தது. அந்தப் பொறிப்பே நல்ல சரக்குக்கு அடையாளம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்கின, இன்று ஜார்ஜ்டவுனில் கணினி வாங்குபவருக்கு அவற்றில் எது மிஞ்சுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது?

ஒரு செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, தாய்ப்பலகை தரும் அடிப்படைக் கடிகாரத் துடிப்பு; பழைய பலகைகளில் இதுவே பஸ் வேகம். மற்றொன்று, செயலிக்குள் இருக்கும் பெருக்கி. இவற்றில் ஒன்றை உயர்த்தினால் வேகம் கூடும். ஆனால் எந்த அளவுக்கு உயர்த்தலாம் என்பது அந்தச் சில்லின் தரத்தைப் பொறுத்தது.

ஒரே வேஃபரிலிருந்து வெட்டிய சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சில குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும்; சிலவற்றுக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். இன்டெல்லின் மலேசிய வேலையில் பெரும்பகுதி இதைச் சுற்றியே நடக்கிறது. கூலிமில் சில்லுகளைச் சோதித்துப் பிரிக்கிறார்கள். பினாங்கில் அவற்றைப் பொருத்தி, மூடி, இறுதிச் சோதனை செய்கிறார்கள். சோதனை முடிவைப் பொறுத்து ஒரே வகைச் சில்லு வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில் சந்தைக்குப் போகிறது.

ஓவர்கிளாக் செய்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. எல்லாச் சூழலிலும் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காக நிறுவனம் விட்டுவைக்கும் பாதுகாப்பு இடைவெளி ஒன்று. மலிவான வகைக்குத் தேவை அதிகமாகும்போது, நல்ல சில்லையும் குறைந்த வேகப் பெயரில் விற்க வேண்டிய வணிகக் கட்டாயம் மற்றொன்று. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது, அதைத் திறக்க எவ்வளவு செலவாகும் என்ற இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஒரு செயலி விலைக்குத் தகுந்ததா என்று சொல்ல முடியும்.

செலவில் மின்சாரமும் அடங்கும். சில்லு உண்ணும் மின்திறன் வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தால், மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் ஏன் எப்போதும் விலை மிகுந்ததாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

முதல் விடை: மலிவான செயலியை வாங்கு, பஸ் வேகத்தை உயர்த்து

முதல் விடையின் உச்சம் 1998 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ. அதற்கு முன் வந்த செலரானில் இரண்டாம் நிலை கேஷ் இல்லாததால் அது மந்தமாக இருந்தது. 300ஏ செயலியில் 128 கிலோபைட் கேஷைச் சில்லுக்குள்ளேயே வைத்து, செயலியின் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். அதன் அறிமுக விலை 149 அமெரிக்க டாலர். அதே நாளில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர்.

300ஏ செயலியின் பெருக்கி 4.5, அது பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது 300 மெகாஹெர்ட்ஸ் தந்தது. பஸ்ஸை 100 ஆக்கினால் 450 வந்துவிடும். அதற்கு இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள பலகை போதும். ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 பலகையில் ஜம்பர்களைத் தொடாமல், பயாஸ் திரையிலிருந்தே பஸ் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றலாம். அந்த வசதி இல்லாத பலகைகளில் செயலி அட்டையின் பி21 என்ற முனையை ஒட்டுநாடாவால் மறைத்து, இது 100 மெகாஹெர்ட்ஸ் செயலிதான் என்று பலகையை நம்பவைத்தார்கள்.

இந்த இணை வெற்றி பெற்றதன் காரணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 440பிஎக்ஸ் பலகைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் இயல்பான வேகம். அந்த வேகத்தில் பிசிஐ பஸ் மூன்றில் ஒரு பங்காக, சரியாக 33 மெகாஹெர்ட்ஸில் நின்றது. ஆகவே செயலியைத் தவிர வேறு எந்த உறுப்பும் வரம்பு மீறவில்லை. 83 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் நிலைமை வேறு. அங்கே பிசிஐ பாதி வேகமாகி 41 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும். வன்தட்டும் மற்ற அட்டைகளும் தடுமாறும். ஐந்து மடங்குப் பெருக்கி கொண்ட செலரான் 333-ஐ 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் வைத்தால் 500-ஐ எட்ட வேண்டும். பல சில்லுகளால் அது முடியவில்லை. விலை குறைந்த செயலியே இங்கு உண்மையில் நல்ல தேர்வாக இருந்தது.

மலேசியருக்கு இது வந்த நேரமும் முக்கியம். செலரான் 300ஏ வெளிவந்த அடுத்த வாரமே, 1998 செப்டம்பர் தொடக்கத்தில், ரிங்கிட்டின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டது. அந்தக் கணக்கில் இரண்டு செயலிகளுக்கும் இடையிலான 520 டாலர் வேறுபாடு ஏறத்தாழ 1,976 ரிங்கிட். ஆசிய நிதி நெருக்கடியின் நடுவே இது ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று.

அதே சூத்திரம் பின்னரும் பலித்தது. 2003-இன் ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி 2500+, 166-இலிருந்து 200 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு மாற்றப்பட்டு, 3200+ செயலியின் 2,200 மெகாஹெர்ட்ஸை எட்டியது. என்ஃபோர்ஸ்2 சிப்செட் உள்ள ஏபிட் என்எஃப்7-எஸ் அதற்குப் பெயர் பெற்ற பலகை. 2007-இன் கோர் 2 குவாட் கியூ6600, 266-இலிருந்து 333-க்கு மாறி 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.0-க்குப் போனது. மூன்றிலும் தத்துவம் ஒன்றுதான்: பலகை ஏற்கெனவே முறைப்படி ஆதரிக்கும் அடுத்த பஸ் வேகத்துக்குச் செயலியை ஏற்றுவது.

இந்த விடையின் பலவீனம், அது நிறுவனத்தின் கவனக்குறைவையே நம்பி நின்றதுதான். குறைந்த வேகச் செயலியின் மேல் அதிக வேகம் என்று அச்சிட்டு விற்ற மோசடி வணிகர்களைக் காரணம் காட்டி இன்டெல் பெருக்கியைப் பூட்டியது. அடுத்த கட்டமாகப் பஸ் வழியும் அடைபட்டது.

இரண்டாம் விடை: பூட்டு திறந்த செயலிக்குக் கூடுதல் விலை

2011 ஜனவரியில் வந்த இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் அடிப்படைக் கடிகாரம் மற்ற எல்லா உறுப்புகளோடும் பிணைக்கப்பட்டது. அதைச் சில விழுக்காடு உயர்த்தினாலே கணினி நிலைகுலையும். ஓவர்கிளாக் வேண்டுமென்றால் பெயரின் இறுதியில் ‘கே’ உள்ள, பெருக்கி திறந்த செயலியை வாங்க வேண்டும். அதற்கேற்ற உயர்நிலைச் சிப்செட் பலகையும் வேண்டும் என்றானது.

தொடக்கத்தில் இது நல்ல பேரமாகவே இருந்தது. ஐ5-2500 செயலியின் விலை 205 டாலர். 2500கே செயலியின் விலை 216 டாலர். பதினொரு டாலர் கூடுதலுக்கு, 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட சில்லைச் சாதாரணக் காற்றுக் குளிரூட்டியில் 4.4, 4.5 வரை ஓட்ட முடிந்தது. பலர் அந்தச் செயலியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

ஆனால் விலைக் கணக்கு மெல்ல மாறியது. செயலி, உயர்நிலைப் பலகை, தனிக் குளிரூட்டி என்று மூன்று இடத்தில் கூடுதல் செலவு சேர்ந்தது. அந்தத் தொகைக்கு அடுத்த படிநிலைச் செயலியையே சாதாரணப் பலகையோடு வாங்கிவிடலாம் என்ற எதிர்வாதம் வலுத்தது.

2014-இல் 72 டாலருக்கு வந்த பென்டியம் ஜி3258 பழைய நாள்களை மீட்கும் முயற்சி. இரண்டு கோர், திறந்த பெருக்கி. அது 4 கிகாஹெர்ட்ஸை எளிதாகத் தாண்டியது. ஆயினும் அதே ஆண்டில் வந்த ஃபார் கிரை 4 விளையாட்டு இதுபோன்ற இரண்டு கோர் செயலிகளில் தொடங்கவே மறுத்தது. வேகத்தைக் கூட்டலாம், கோரைக் கூட்ட முடியாது என்ற எல்லையை அது தெளிவாகக் காட்டியது.

இடையிடையே வாசல்கள் திறந்தன. 2015 இறுதியில் பூட்டிய ஸ்கைலேக் செயலிகளையும் அடிப்படைக் கடிகாரம் வழியே உயர்த்த சில பலகை நிறுவனங்கள் பயாஸ் வெளியிட்டன. 2016 தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்பட்டன. 2022-இல் தனிக் கடிகாரச் சில்லு பொருத்திய சில பி660 பலகைகளில் ஐ5-12400 செயலி 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அந்த வாசலும் பின்னால் வந்த நுண்நிரல் புதுப்பிப்புகளில் அடைபட்டது. இவற்றிலிருந்து பெறக்கூடிய பாடம்: நிறுவனம் விரும்பாத வழியை நம்பிப் பலகை வாங்கினால், பயாஸைப் புதுப்பிக்கும் நாளில் அந்த மதிப்பு போய்விடக்கூடும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதே புதுப்பிப்பில் வருவதால் அதைத் தவிர்ப்பதும் எளிதன்று.

மூன்றாம் விடை: எல்லாச் செயலியும் திறந்திருந்தால், நடுத்தரப் பலகையே போதும்

2017 மார்ச்சில் வந்த ஏஎம்டி ரைசன் இந்த விவாதத்தைப் புரட்டிப்போட்டது. எல்லா ரைசன் செயலிகளுக்கும் பெருக்கி திறந்திருந்தது. உச்சநிலை எக்ஸ்370 மட்டுமின்றி, நடுத்தர பி350 பலகையிலும் ஓவர்கிளாக் செய்யலாம். எட்டு கோர் ரைசன் 7 1700 செயலி 329 டாலர். அதே சில்லைக் கொண்ட 1800எக்ஸ் 499 டாலர். அந்தத் தலைமுறைச் சில்லுகள் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் அருகே நின்றுவிட்டதால், 1700-ஐ உயர்த்தியவர் 170 டாலரை மிச்சப்படுத்தினார்.

இன்றும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஏஎம்5 பலகைகளில் பி650, பி850 இரண்டும் செயலி ஓவர்கிளாக்கை ஏற்கின்றன. ஏ620, பி840 ஏற்பதில்லை. இன்டெல் பக்கம் இசட் வரிசையில் மட்டுமே செயலியை உயர்த்தலாம். பி760, பி860 பலகைகளில் நினைவகத்தை மட்டும் உயர்த்தலாம். கடையில் பெட்டியைப் பார்க்கும்போது இந்த ஓர் எழுத்தும் எண்ணும் பல நூறு ரிங்கிட்டைத் தீர்மானிக்கும்.

இந்த விடையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியின் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதன் உடன்பிறப்பான 5800எக்ஸ் 4.7. ஆனாலும் மேலடுக்காகப் பொருத்திய கூடுதல் கேஷால், பல விளையாட்டுகளில் குறைந்த வேகச் செயலியே முந்தியது. அதன் பெருக்கியோ பூட்டப்பட்டிருந்தது. ஓவர்கிளாக் செய்யவே முடியாத செயலி, ஓவர்கிளாக் செய்தவற்றை வென்றபோது, கிகாஹெர்ட்ஸை மட்டும் அளவுகோலாக வைத்த பழைய கணக்கு ஆட்டம் கண்டது.

நான்காம் விடை: பிறந்த ஊரைப் பார்த்து வாங்கு

செலரான் காலத்திலேயே, ‘மலாய்’ என்று பொறித்த செயலி மேலா, ‘கோஸ்டா ரிக்கா’ என்று பொறித்தது மேலா என்ற வாக்குவாதம் தொடங்கிவிட்டது. இன்டெல்லின் கோஸ்டா ரிக்கா ஆலையின் பொருத்தல் வேலையை மூடும் அறிவிப்பு 2014-இல் வந்தது. அதன் பிறகு மலேசியாவா வியட்நாமா என்று பேச்சு மாறியது. இன்டெல் செயலியின் மூடியில் உள்ள தொகுதி எண்ணின் முதல் எழுத்து ஆலையைக் குறிக்கும்: ‘எல்’ என்றால் மலேசியா, ‘எக்ஸ்’ என்றால் வியட்நாம். அடுத்த இலக்கம் ஆண்டு, அதற்கடுத்த இரண்டும் வாரம். பெட்டியின் ஒட்டுச்சீட்டிலும் இந்த எண் இருப்பதால், பெட்டியைத் திறக்காமலே தேடுபவர்கள் உண்டு.

பினாங்கு வாசகருக்கு இந்த நம்பிக்கை பெருமை தரக்கூடியது. ஆனால் சான்று அதற்குப் போதவில்லை. சில்லின் வேகத் திறன் பெரும்பாலும் வேஃபர் ஆலையில் தீர்மானமாகிறது. அந்த ஆலைகள் அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் இருந்தன. அங்கும் எல்லா ஆலைகளும் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்க வேண்டும் என்பது இன்டெல்லின் நீண்டகாலக் கொள்கை. பினாங்கில் நடப்பது பொருத்தலும் சோதனையும்.

பொருத்தல் முக்கியமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2012-இல் ஐவி பிரிட்ஜ் செயலிகளில் சில்லுக்கும் மூடிக்கும் இடையே பற்றாசு இணைப்புக்குப் பதில் வெப்பப் பசையை இன்டெல் பயன்படுத்தியபோது சூடு வெளிப்படையாக ஏறியது. மூடியைப் பெயர்த்துப் பசையை மாற்றும் துணிச்சலுக்குப் பலர் தள்ளப்பட்டார்கள். எனினும் அது வடிவமைப்பு முடிவு. எந்த ஊரில் பொருத்தினாலும் அதே பசைதான்.

பிறகு இந்த நம்பிக்கை ஏன் இத்தனை காலம் நீடித்தது? ஒரு குறிப்பிட்ட வாரத்தில் ஓர் ஆலைக்கு வந்த சில்லுகள் ஒரே வேஃபர் தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். அந்தத் தொகுதி நன்றாக அமைந்திருந்தால், அந்த வாரத்து ‘மலாய்’ செயலிகள் உண்மையிலேயே நன்றாக ஓடியிருக்கலாம். நல்ல தொகுதியின் பெயர் ஊருக்குப் போய்விட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆகவே தொகுதி எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

ஐந்தாம் விடை: நிறுவனமே செய்துவிட்டது, நாம் செய்ய என்ன இருக்கிறது?

அண்மைய தலைமுறைகளில் செயலி தன் சூட்டையும் மின்னோட்டத்தையும் தானே அளந்து, இடமிருந்தால் உச்ச வேகத்துக்குத் தானே ஏறுகிறது. நிறுவனம் விட்டுவைத்த இடைவெளியை நிறுவனமே விற்கத் தொடங்கிவிட்டது. கையால் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் நிறுத்தினால், ஒற்றைக் கோர் உச்ச வேகம் குறைந்து, சில வேலைகளில் கணினி முன்பைவிட மெதுவாகவும் ஆகலாம்.

இங்கிருந்து இரண்டு நிலைப்பாடுகள் பிரிகின்றன. ஓவர்கிளாக் முடிந்த கதை என்பது ஒன்று. அது வடிவம் மாறியிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது தரப்பார் காட்டுவது மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழி. ரைசனில் ‘கர்வ் ஆப்டிமைசர்’ என்ற அமைப்பின் மூலம் ஒவ்வொரு கோருக்கும் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். சூடு குறைய, செயலி தானாகவே இன்னும் சற்று மேலே ஏறும். வேகமும் கூடி மின்செலவும் அடங்கும் இந்த வழிக்கு விலையுயர்ந்த பலகை தேவையில்லை. பொறுமையும் நீண்ட நிலைத்தன்மைச் சோதனையும் வேண்டும்.

எல்லை வரை ஓட்டுவதன் ஆபத்தை 2023-உம் 2024-உம் காட்டின. 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் கருகின. பலகைகள் கொடுத்த மிகை மின்னழுத்தம் காரணமாகப் பேசப்பட்டு, குறிப்பிட்ட மின்னழுத்தம் 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகள் நிலைகுலைந்தன. முதலில் பலகைகளின் கட்டுப்பாடற்ற மின் அமைப்புகள் மீது கவனம் விழுந்தது. பின்னர், நுண்நிரலே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதை இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயனர் எதையும் தொடாமலேயே செயலி தேய்ந்த இந்த நிகழ்வு, இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதற்குக் கடுமையான சான்று.

பலகையில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

ஐந்து விடைகளையும் கடந்து மாறாமல் நிற்பது ஒன்று: பலகையின் மின்சீராக்கி. மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டை அது ஏறத்தாழ 1.2 வோல்ட்டாகக் குறைத்துச் செயலிக்குத் தருகிறது. 1.25 வோல்ட்டில் 200 வாட் உண்ணும் செயலிக்கு 160 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அந்தச் சுமையைச் செயலித் துளையைச் சுற்றியுள்ள சிறு பவர் ஸ்டேஜ் சில்லுகள் பகிர்ந்து சுமக்கின்றன. அவை சூடேறினால் பலகை செயலியின் வேகத்தைத் தானே குறைக்கும். அதிக விலை கொடுத்து வாங்கிய செயலி, பெட்டியில் எழுதிய வேகத்தையே எட்டாமல் போகும்.

விளம்பரத்தில் வரும் மின்சீராக்கிக் கட்ட எண்ணிக்கையை அப்படியே நம்புவது தவறு. ஒரே கட்டுப்பாட்டுக் குறிப்புக்கு இரண்டு சில்லுகளை இணைத்துவிட்டு அதை இரண்டு கட்டம் என்று எண்ணும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் எத்தனை ஆம்பியருக்கானது, அதன் மேல் கனமான உலோக வெப்பத் தகடு உண்டா, நீண்ட சுமையில் அது எவ்வளவு சூடேறுகிறது என்ற மூன்றையும் பார்ப்பது மேல். கணினி உறைந்துவிட்டால் செயலி இல்லாமலே பயாஸை மீட்கும் பொத்தான் ஓவர்கிளாக் செய்பவருக்கு உண்மையான பயன் தருவது. உச்சவிலைப் பலகைகளின் கூடுதல் தொகை பெரும்பாலும் கூடுதல் துளைகளுக்கும் இணைப்புகளுக்கும் வண்ண விளக்குகளுக்கும் போகிறது. வேகத்துக்கு அவற்றால் பயன் சிறிது.

பினாங்கின் வெப்பமும் ஈரமும்

உலகளாவிய மதிப்புரைகள் பெரும்பாலும் 20, 22 பாகை அறையில் எழுதப்படுபவை. செயலியின் சூடு அறை வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது. பினாங்கில் குளிர்சாதனம் இல்லாத அறை பிற்பகலில் 30 பாகையைத் தாண்டுவது ஆண்டு முழுதும் வழக்கம். மதிப்புரையில் 85 பாகை காட்டிய செயலி இங்கே 95-ஐத் தொடலாம். ரைசன் 7000 செயலிகள் பலவற்றுக்கு அதுவே மேல் வரம்பு. ஆகவே அங்கே நிலைத்து நின்ற ஓவர்கிளாக் இங்கே நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஈரம் மற்றொரு தடை. 30 பாகையும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் ஏறத்தாழ 25 பாகையிலேயே பனிநீர் படியத் தொடங்கும். குளிரூட்டிய நீர், பனிக்கட்டி போன்ற வழிகளில் அறை வெப்பத்துக்குக் கீழே போக முயன்றால் பலகையின் மேல் நீர் கோர்க்கும். போட்டி மேடைகளில் தகுந்த காப்புப் பூச்சோடு செய்யப்படுவது வீட்டுக்குரியதன்று.

மின்கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். ஓவர்கிளாக்கால் 60 வாட் கூடி, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கணினி அந்தச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கு மேல் கூடும். அந்தச் சூட்டை வெளியேற்றக் குளிர்சாதனம் செய்யும் கூடுதல் வேலை இதில் சேரவில்லை.

மதிப்பீடு

முதல் விடை அதன் காலத்தில் சரியானதே. அதற்கு ஆதாரமான பெரிய இடைவெளி இன்று இல்லை. இரண்டாம் விடை, பல கோர்களும் தேவைப்படும் தொழில்முறை வேலைக்கு ஓரளவு பொருந்துகிறது; பலகையையும் குளிரூட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆதாயம் மெலிந்துவிடுகிறது. நான்காம் விடைக்குப் போதிய சான்று இல்லை. மூன்றாவதையும் ஐந்தாவதையும் இணைத்து எடுத்துக்கொள்வதே இப்போதைக்குத் தகும்: நடுத்தரத் திறந்த செயலி, மின்சீராக்கி நன்றாக அமைந்த பி வரிசைப் பலகை, நல்ல காற்றுக் குளிரூட்டி, கையால் செய்யும் ஓவர்கிளாக்குக்குப் பதில் அளவான மின்னழுத்தக் குறைப்பு. ஏஎம்5 துளைக்கு 2027 வரையிலாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், அந்தப் பலகையிலேயே பின்னாளில் வேறு செயலி மாற்ற முடியும். அந்த வசதியின் மதிப்பு இரண்டு நூறு மெகாஹெர்ட்ஸைவிட அதிகம். விளையாட்டே முதன்மை என்றால், பலகையில் மிச்சம் பிடித்து அதிக கேஷ் உள்ள செயலிக்குப் போவதும் நியாயமான தேர்வு.

தீராத கேள்விகளும் உள்ளன. மின்னழுத்தத்தை உயர்த்திய செயலி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு, வெப்பமண்டலச் சூழலில் செய்த நீண்டகால ஒப்பீடு பொதுவெளியில் தேவை. ஒரே பெயருள்ள செயலிகளுக்கு இடையிலான தர வேறுபாடு குறைந்து வருகிறதா என்பதும் விவாதத்துக்குரியது. வெவ்வேறு ஆலைகளில் செய்த பல சில்லுகளை ஒரே செயலியாகப் பொருத்தும் முறை பரவி வருகிறது. இன்டெல் 2021 டிசம்பரில் பினாங்குக்கும் கூலிமுக்கும் அறிவித்த 30 பில்லியன் ரிங்கிட் முதலீடும் அத்தகைய மேம்பட்ட பொருத்தலுக்கானதே. அந்த முறை நிலைத்தால், பொருத்தலின் தரம் வேகத்தை எவ்வளவு தீர்மானிக்கும் என்ற கேள்வியை மறுபடி எழுப்ப வேண்டிவரும்.

அதுவரை, ஜார்ஜ்டவுனின் கொம்தார் வளாகத்தில் கடைப்படி ஏறுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தப் பலகையின் சிப்செட் செயலியை உயர்த்த விடுமா? நான்கு மணி நேரச் சுமையில் இதன் மின்சீராக்கி எவ்வளவு சூடேறும்? செயலியின் உத்தரவாதம் யாருடையது, நிறுவனத்துடையதா கடையுடையதா? இரு நிறுவனங்களும் பொதுவாக ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காத இணையை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.